கல்மரத்தின் வயது யார் கணக்கு?

திருவக்கரைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் வக்கிரகாளியம்மனைப் பார்க்கத்தான் போகிறார்கள். பௌர்ணமி அன்று அந்தச் சின்ன ஊர் கூட்டம் தாங்காது. கோயிலுக்குக் கிழக்கே ஒரு கிலோமீட்டர் தள்ளி முள்வேலிக்குள் கிடக்கும் மரங்களைப் பார்க்க வருகிறவர்கள் குறைவு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு வரும் ஆசிரியர்கள், புதுச்சேரி வந்த இடத்தில் ஒரு மணி நேரம் மிச்சமிருக்கும் சுற்றுலாக்காரர்கள், அவ்வளவுதான். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பராமரிப்பில் உள்ள தேசிய கல்மரப் பூங்கா அது. ஒன்பது துண்டுகளாக 247 ஏக்கர் பரப்பு. அதில் சுமார் 200 கல்மரங்கள் படுத்த நிலையில் கிடக்கின்றன. பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னெரா 1781-இலேயே இவற்றைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்.

பார்த்துவிட்டு வெளியே வருகிற எல்லோருக்கும் நினைவில் நிற்பது ஒரே எண்: 2 கோடி ஆண்டு. நாளிதழ் துணுக்குகளில், சுற்றுலாக் கையேடுகளில், மாணவர்களின் செயல்திட்ட நோட்டில் எங்கு பார்த்தாலும் அதே எண்தான். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் தயங்காமல் சொல்லும் பதில், "கார்பன் டேட்டிங்." அந்தப் பதில் தவறு. திருவக்கரை மரங்களில் எதையும் கார்பனால் அளக்க முடியாது. இன்னும் சொல்லப்போனால், 2 கோடி என்ற எண் அந்த மரங்களிலிருந்து அளந்து எடுத்ததே அல்ல.

கார்பன் முறையைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கீழடி அதை வீட்டுக்கு வீடு கொண்டுவந்துவிட்டது. அங்கே 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள பீட்டா அனலிடிக் ஆய்வகத்துக்குப் போய், கி.மு. 580 என்ற காலக்கணிப்போடு திரும்பியது. செடியும் மரமும் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கின்றன. அதில் மிகச் சிறு பங்கு கதிரியக்கமுள்ள கார்பன்-14. உயிர் போனதும் வரவு நிற்கிறது, இருப்பு மட்டும் கரைகிறது. 5,730 ஆண்டில் பாதி, அடுத்த 5,730 ஆண்டில் மிச்சத்தில் பாதி. சுமார் 50,000 ஆண்டு தாண்டினால் எஞ்சியிருப்பது கருவிக்கே பிடிபடாத அளவுக்குச் சுருங்கிவிடும்.

2 கோடி ஆண்டில் இந்தப் பாதியாகும் வேலை கிட்டத்தட்ட 3,490 முறை நடந்திருக்கும். அது எவ்வளவு என்று புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தப் பூமி உருண்டை முழுவதும் கார்பன்-14 அணுக்களால் ஆனது என்று வைத்துக்கொள்வோம். பூமியில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை ஒன்றுக்குப் பின்னால் 50 சுழியம் போட்ட அளவு. அதைப் பாதிபாதியாகக் குறைத்துக்கொண்டே வந்தால் 166 முறையில் ஒரே ஓர் அணு மிஞ்சும். 166-ஐ 5,730 ஆல் பெருக்கினால் ஒன்பதரை லட்சம் ஆண்டு. பூமியளவு கார்பனே பத்து லட்சம் ஆண்டைத் தாண்டாது என்றால், ஒரு மரத்தில் இருந்தது எம்மாத்திரம்?

அதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. அந்த மரத்தில் இப்போது மரமே இல்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் செல்களுக்குள் ஊறி இறங்கி, சுவர் சுவராக இடம்பிடித்துக் கல்லாகிவிட்டது. வளையமும் நரம்பும் அப்படியே தெரிகின்றன. தட்டினால் கல்லின் ஓசை. வளையங்களை எண்ணினால் அந்த மரம் எத்தனை வயதில் சாய்ந்தது என்று ஓரளவு சொல்லலாம். எப்போது சாய்ந்தது என்பதற்கு வளையத்தில் விடை இல்லை.

பின் எங்கிருந்து வந்தது 2 கோடி?

பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலத்துப் பாட்டிகள் வயது சொல்லும் முறை நினைவிருக்கலாம். "பெரிய புயல் அடிச்ச வருஷம் பொறந்தவன், எங்க பெரியவனுக்கு ரெண்டு வயசு எளையவன்" என்பார்கள். அதில் ஆண்டு இல்லை, முன்பின் மட்டும்தான். புயல் எந்த ஆண்டு அடித்தது என்று வேறு ஏதாவது பதிவேட்டில் கண்டுபிடித்துவிட்டால், அந்த ஆளின் வயதும் தானாகக் கிடைத்துவிடும். கல்லுக்கும் புதைபடிவத்துக்கும் வயது சொல்லும் வேலையில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது. முதலில் முன்பின். பிறகு வேறெங்கோ அளந்த ஆண்டு.

முன்பின்னுக்கான விதியை 1669-இல் ஸ்டெனோ எழுதினார்: கலையாத படிவுகளில் கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது. இன்று குழந்தைக்கும் விளங்குகிற இந்த விதியை வைத்துக்கொண்டுதான் ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு, 1862-இல் தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் பாறைகளைப் பற்றிய பெரிய அறிக்கையை வெளியிட்டார். திருவக்கரை மரங்கள் புதைந்திருக்கும் அந்தச் செம்மஞ்சள் மணற்கல்லுக்குக் கடலூர் மணற்கல் என்ற பெயர் அந்த ஆய்வுகளில் நிலைத்தது. விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-இல்தான். அதுவரை இது எல்லாமே தென்னார்க்காடு.

இந்த வட்டாரத்தில் கடலூர் மணற்கல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதில்தான் கதையின் சுவையான பகுதி இருக்கிறது. அடியில் கடல் இருக்கிறது. திருவக்கரைக்குத் தென்கிழக்கே, வழுதாவூர், ஊசுட்டேரி, சேதராப்பட்டுப் பக்கம் நிலம் தட்டையாகப் படுத்திருக்கும். பார்த்தால் பாறையே தெரியாது. ஓடைக் கரையிலும் கிணறு வெட்டிப் போட்ட மண்மேட்டிலும்தான் அந்தப் பழைய கடலின் அடித்தரை வெளியே வரும். சிப்பி, சங்கு, அம்மோனைட் என்ற சுருள் ஓட்டு உயிர், அதன் உறவுக்காரனான நேர்க்கோல் வடிவ பாக்குலைட்டிஸ். களிமண்ணைத் தண்ணீரில் ஊறவைத்துச் சல்லடையில் கழுவி, எஞ்சிய தூளை நுண்ணோக்கியில் வைத்தால், மணலைவிடச் சிறிய ஃபொராமினிஃபெரா ஓடுகள் பாசிமணி போல நிறையக் கிடக்கும்.

1840-களில் இந்தச் சிப்பிகளைக் கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர்கள் பொறுக்கிச் சேர்த்துப் பெட்டி கட்டி லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்டு ஃபோர்ப்ஸ் அவற்றைப் பிரித்துப் பெயரிட்டு 1846-இல் வெளியிட்டார். பாக்குலைட்டிஸ் வஜைனா என்று அவர் பெயரிட்ட நேர்க்கோல் இனம் இன்றும் யூபாக்குலைட்டிஸ் என்ற பேரினத்தின் கீழ் ஆய்வு நூல்களில் இருக்கிறது. ஃபோர்ப்ஸ் தென்னிந்தியாவுக்கு வந்ததில்லை. பெட்டியில் வந்த ஓடுகளை ஐரோப்பிய ஓடுகளோடு ஒப்பிட்டு, இவை கிரெட்டேசியஸ் காலத்தவை என்றார். கதிரியக்கம் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஐம்பது ஆண்டு முன்பு, ஆண்டுக் கணக்கே தெரியாமல், காலத்தை மட்டும் சரியாகச் சொல்லிவிட்டார். ஆனால் அந்தக் காலத்துக்குள் எந்தப் பகுதி என்பதில் சறுக்கினார். புதுச்சேரிப் படிவுகளைக் கிரெட்டேசியஸின் தொடக்கத்தில் வைத்தார். உண்மையில் அவை அதன் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தவை. இன்றைய கணக்கில் ஐந்து கோடி ஆண்டுக்கு மேற்பட்ட பிழை. பாரிசில் இருந்த டோர்பினி, வேறு சில புதுச்சேரி மாதிரிகளைப் பார்த்து 1847-இல் மேல்பகுதி என்று சரியாகச் சொன்னார். 1890-களில் வார்த் என்பவர் வயல்வெளியில் நடந்து, எந்த ஓடு எந்த அடுக்கில் கிடைத்தது என்று பிரித்துப் பிரித்துச் சேகரித்தார். வியன்னாவில் காஸ்மட் அவற்றை ஆராய்ந்தார். அதன் பிறகுதான் வரிசை உறுதியானது. பெட்டிக்குள் கலந்து கிடந்த ஓட்டுக்கும் அடுக்கோடு எடுத்த ஓட்டுக்கும் உள்ள வித்தியாசம் இது.

சிப்பி எப்படிக் காலம் காட்டுகிறது? ஓர் உயிரினம் தோன்றுகிறது, பரவுகிறது, அழிகிறது. அழிந்தது மறுபடி வருவதில்லை. கடலில் விரைந்து பரவி, கொஞ்ச காலமே வாழ்ந்து மறைந்த இனங்கள்தான் இந்த வேலைக்கு உகந்தவை. அம்மோனைட்டுகள் அதில் கெட்டிக்காரர்கள். வழுதாவூரில் கிடைக்கும் இனங்களின் நெருங்கிய உறவுகள் மடகாஸ்கரிலும் தென்னாப்பிரிக்காவிலும் கிடைக்கின்றன. ஒரே இனம் கிடைத்தால் ஒரே காலம் என்று சேர்த்துக் கட்டலாம். இப்படிக் கட்டியதில் வழுதாவூர் அடுக்கு மாஸ்ட்ரிக்டியன் என்ற கட்டத்தில் விழுகிறது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் ஊரிலிருந்து வந்த பெயர் அது.

இதுவரை ஆண்டு என்று ஒன்று வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆண்டு வந்தது எரிமலைச் சாம்பலிலிருந்து. வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் அதே கிரெட்டேசியஸ் காலத்தில் ஒரு கடல் இருந்தது. அதன் சேற்றில் அம்மோனைட்டுகளும் புதைந்தன. இடையிடையே மேற்கிலிருந்த எரிமலைகளின் சாம்பலும் மெல்லிய தகடாக விழுந்தது. சாம்பலில் உள்ள சானிடின் என்ற கனிமத்தில் பொட்டாசியம் உண்டு. அதில் சிறு பங்கான பொட்டாசியம்-40, 125 கோடி ஆண்டு அரை ஆயுளோடு சிதைந்து, ஒரு பகுதி ஆர்கன் வாயுவாகிறது. குழம்பாக இருக்கும்போது ஆர்கன் தப்பித்து ஓடிவிடும். படிகமாக இறுகிய பிறகு உள்ளேயே சிறைப்படும். ஆகவே இறுகிய நாள்தான் கடிகாரத்தின் சுழியம். சிறைப்பட்ட ஆர்கனையும் மிச்சப் பொட்டாசியத்தையும் அளந்தால் ஆண்டு கிடைக்கும். சாம்பல் தகட்டுக்கு மேலும் கீழும் உள்ள அம்மோனைட்டுக்கு அந்த ஆண்டு ஒட்டிக்கொள்ளும். அம்மோனைட்டுகளிலிருந்து அது ஃபொராமினிஃபெராவுக்குத் தாவும், அவற்றின் வழியாக உலகக் கடல் படிவுகளுக்கெல்லாம் பரவும். மாஸ்ட்ரிக்டியன் என்றால் ஏறத்தாழ 7.2 கோடியிலிருந்து 6.6 கோடி ஆண்டு முன்பு வரை என்று இன்று சொல்வது இப்படிச் சேர்ந்த கணக்கு. வழுதாவூர்ச் சிப்பியின் வயது இரவல் வயது. ஆனால் பல கைகள் சரிபார்த்த, நம்பகமான இரவல்.

6.6 கோடி என்ற அந்தக் கோட்டில் டைனோசர்களோடு அம்மோனைட்டுகளும் முடிந்துபோயின. வழுதாவூர்ப் படிவுகளுக்கு மேலே, அதே வட்டாரத்தில், அம்மோனைட் இல்லாத பேலியோசீன் காலக் கடற்படிவு இருக்கிறது. உலகமே பேசுகிற பேரழிவுக் கோடு விழுப்புரம் மாவட்டத்து எல்லையில், கரும்பும் நெல்லும் விளைகிற நிலத்துக்கு அடியில் ஓடுகிறது. இதைச் சொல்ல அங்கே ஓர் அறிவிப்புக் கல்கூட நட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

மறுபடி கல்மரத்துக்கு வருவோம். கடலூர் மணற்கல் அந்தக் கடற்படிவுகளுக்கு மேலே இருப்பதால் அவற்றைவிட இளையது. அதற்கு மேலே செம்புராங்கல்லும் ஆற்று வண்டலும் இருப்பதால் அவற்றைவிட மூத்தது. இரண்டு எல்லைகளும் கிடைத்துவிட்டன. நடுவில் உள்ள இடைவெளிதான் மிகப் பெரியது. சிக்கல் என்னவென்றால், இந்த மணற்கல் ஆறு கொண்டுவந்து போட்டது. அதில் அம்மோனைட்டின் இடத்தை நிரப்பக்கூடிய கடலுயிர்கள் திருவக்கரையில் இல்லை. மரங்களுமே அந்த இடத்தில் வளர்ந்தவை அல்ல. பட்டை இல்லை, கிளை இல்லை, இலை இல்லை, வேர் பிடித்து நிற்பதும் இல்லை. வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து சாய்த்துவிட்டுப் போனது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அப்படியானால் மரத்தின் இனமாவது காலம் சொல்லுமா என்று பார்த்தார்கள். கல்மரத்தை நுண்ணோக்கியில் பார்ப்பது பொறுமைக்கான வேலை. வைரம் பதித்த ரம்பத்தில் ஒரு தகடு அறுத்து, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனம் வரும்வரை தேய்க்க வேண்டும். அப்போதுதான் கல்லின் ஊடாக ஒளி வரும். குறுக்கே ஒன்று, ஆரத்தின் வழியே ஒன்று, தொடுகோட்டில் ஒன்று என மூன்று சீவல்கள் இல்லாமல் இனம் பிரிக்க முடியாது. பீர்பால் சாஹ்னி 1931-இல் இந்தப் பகுதியின் ஊசியிலை மரத்தை மெசெம்பிரியோசைலான் ஷ்மிடியானம் என்று மறுஆய்வு செய்தார். 1950-களிலும் 60-களிலும் ராமானுஜம், நவலே ஆகியோர் தென்னார்க்காட்டுக் கல்மரங்களில் பூக்கும் தாவரங்கள் பலவற்றை அடையாளம் கண்டார்கள். புளியமரத்தின் குடும்பம், மருதமரத்தின் குடும்பம், புன்னையின் குடும்பம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நம் ஊர்க் கரைகளில் இன்று நிற்கும் மரங்களின் மூதாதைகள்.

இந்த இடத்தில்தான் எனக்குத் தயக்கம். மரக் குடும்பங்கள் அம்மோனைட்டைப் போல அவசரமாக வந்து போகிறவை அல்ல. கோடிக்கணக்கான ஆண்டு மாறாமல் நீடிப்பவை. இன்றைய மரங்களை ஒத்திருப்பதால் மிகப் பழையதல்ல என்று சொல்லலாம். அதற்கு மேல் நுணுக்கமாகச் சொல்ல அந்தச் சான்று போதாது. இதே தென்னார்க்காட்டின் நெய்வேலியைப் பாருங்கள். அங்குள்ள பழுப்பு நிலக்கரியின் வயதை மகரந்தத் துகள்களை வைத்துக் கணித்தவர்களில் ஒரு சாரார் மயோசீன் என்றார்கள், இன்னொரு சாரார் அதற்கு வெகு முந்தைய ஈயோசீன் என்றார்கள். கோடிக்கணக்கான டன் தோண்டி எடுத்து எரித்து மின்சாரமாக்கிய பொருளுக்கே வயதில் இவ்வளவு வழக்கு இருக்கும்போது, ஆற்று மணலில் கிடக்கும் மரத்துக்கு ஒரே எண் எப்படி வரும்?

புவியியலாளர்கள் தங்களுக்குள் பேசும்போது 2 கோடி என்று சொல்வதில்லை. கடலூர்ப் படிவு மயோ-பிளையோசீன் என்பார்கள். அதாவது 2.3 கோடி ஆண்டு முன்பு தொடங்கி சுமார் 26 லட்சம் ஆண்டு முன்பு வரை எங்கோ. இந்த நீண்ட இடைவெளிதான் மக்களுக்குச் சொல்லும்போது முழு எண்ணாகச் சுருங்கிவிடுகிறது. எண் பொய் என்று நான் சொல்லவில்லை. மதிப்பீட்டை அளவீடு போலச் சொல்லிவிடுகிறார்கள் என்கிறேன்.

மணற்கல்லில் உள்ள மணலையே நேராக அளந்தால் என்ன என்று கேட்கலாம். அளக்கலாம். ஆனால் விடை 250 கோடி ஆண்டு என்று வர வாய்ப்பு அதிகம்! ஏனென்றால் அந்த மணல் மேற்கே உள்ள மலைகள் தேய்ந்து வந்தது. துகளுக்குள் இருக்கும் கடிகாரம் மலையின் வயதைத்தான் காட்டும். மணலின் வயது வேறு, மணற்கல்லின் வயது வேறு.

அந்த மலைகளைப் பார்க்கத் திண்டிவனம் வழியாகச் செஞ்சி சாலையில் போனால் போதும். திண்டிவனத்தைச் சுற்றிக் கல் குவாரிகள். வீடு கட்டுகிறவர்கள் ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் நம்பியிருக்கும் அந்தக் கருங்கல்லில் பெரும்பகுதி சார்னோக்கைட். ராஜகிரிக் கோட்டை உட்கார்ந்திருக்கும் செஞ்சிக் குன்றுகள் கிரானைட். சார்னோக்கைட் என்ற பெயரும் தமிழ்நாட்டுக் கல்லிலிருந்து வந்ததுதான். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னோக்கின் சமாதியில் பதித்திருந்த கல்லும் சென்னைப் பல்லாவரத்துக் கல்லும் ஒரே வகை என்று கண்ட தாமஸ் ஹாலந்து, 1893-இல் அந்தப் பெயரைச் சூட்டினார்.

இந்தக் கற்களில் சிப்பி கிடையாது, மரம் கிடையாது. உயிர் இருந்தாலும் நுண்ணுயிர் அளவில்தான் இருந்த காலம் அது. போதாததற்கு, பூமிக்கு வெகு ஆழத்தில் வெந்து மாறிய கல். ஆனால் வயது விஷயத்தில் கல்மரத்தைவிட இதற்குத்தான் உறுதியான எண் உண்டு. காரணம் சிர்க்கான்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் பிரித்தெடுக்கிறார்களே, அதே கனிமம். கருங்கல்லில் அது பொடியளவுதான் இருக்கும். சில கிலோ கல்லை நொறுக்கி, சலித்து, நீரோடும் மேசையில் கழுவி, கனமான திரவத்தில் மூழ்கவிட்டு, காந்தத்தால் இரும்புக் கனிமங்களை விலக்கினால் கடைசியில் ஒரு சிட்டிகை மிஞ்சும். அதிலிருந்து ஒவ்வொரு துகளாக நுண்ணோக்கியின் கீழ் பொறுக்க வேண்டும். முடியின் கனத்தைவிடச் சற்றே பெரிய துகள்கள். அவற்றைப் பிசினில் பதித்து, பாதியாகத் தேய்த்து, வயிற்றைத் திறந்து பார்க்கிறார்கள். எலெக்ட்ரான் கற்றையில் ஒளிரவிட்டால் வளையம் வளையமாகத் தெரியும். அந்த வளையங்களில் 20, 30 மைக்ரான் அகலப் புள்ளியைத் தேர்ந்து லேசராலோ அயனிக் கற்றையாலோ சுரண்டி, யுரேனியத்தையும் ஈயத்தையும் எண்ணுகிறார்கள்.

சிர்க்கானின் சிறப்பு ஒரே ஒரு குணத்தில் இருக்கிறது. உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை விடாது. எனவே பின்னாளில் அதில் காணும் ஈயம் ஏறக்குறைய முழுவதும் யுரேனியம் சிதைந்து பிறந்தது. அதிலும் இரண்டு கடிகாரங்கள் ஒன்றாக ஓடுகின்றன. யுரேனியம்-238 தன் பாதியை இழக்க 447 கோடி ஆண்டு, யுரேனியம்-235க்கு 70 கோடி ஆண்டு. இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் நம்பலாம். முரண்பட்டால் இடையில் ஈயம் கசிந்திருக்கிறது என்று அந்தக் கல்லே காட்டிக்கொடுத்துவிடும். தன் பிழையைத் தானே அறிவிக்கும் இப்படியொரு கடிகாரம் வேறு எந்தக் காலக்கணிப்பு முறையிலும் இவ்வளவு கச்சிதமாக அமையவில்லை.

வட தமிழ்நாட்டின் சார்னோக்கைட்டுகளும் கிரானைட்டுகளும் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுக் கணக்கில் சேர்கின்றன. இங்கேயும் ஒரு கேள்வி உண்டு: எதன் வயது? துகளின் மையம், முதலில் குழம்பு இறுகிய காலத்தைச் சொல்லும். அதைச் சுற்றிய விளிம்பு, பின்னால் ஆழத்தில் வெந்து சார்னோக்கைட்டாக மாறிய காலத்தைச் சொல்லும். ஒரே கல்லுக்கு இரண்டு வயது; இரண்டும் சரி. முன்பு பயன்பட்ட ருபிடியம் முறையில் முழுக் கல்லையும் அரைத்து அளந்ததால் இந்தப் பேதம் கலந்துபோகும் அபாயம் இருந்தது.

திண்டிவனத்தை அடுத்த குன்னத்தில் வெட்டும் கறுப்புக் கல், ஏற்றுமதிச் சந்தையில் குன்னம் பிளாக் என்ற பெயரில் கல்லறைக் கல்லாகவும் சமையல் மேடையாகவும் உலகம் சுற்றுகிறது. பழைய பாறை விரிசலில் புகுந்து இறுகிய டைக் வகைக் கல் அது. அதன் வயதை அளக்காமலே ஒன்று சொல்லலாம்: எந்தப் பாறையை வெட்டிக்கொண்டு போகிறதோ அந்தப் பாறையைவிட அது இளையது. கருவி வந்த பிறகும் இந்தக் கண்பார்வைத் தர்க்கம் செலவழிந்துவிடவில்லை. ஆய்வகம் தரும் எண் இந்த முன்பின்னோடு மோதினால், மறுபரிசோதனைக்குப் போவது எண்தான்.

கிழக்கே கடற்கரைக்குப் போனால் நிலைமை தலைகீழ். அங்கே வயது மிகக் குறைவு, வழக்கு மிக அதிகம். 2001-இல் வானூர் வட்டம் பொம்மையார்பாளையத்தின் ஓடைப் பகுதியில், இரும்புச் சத்து இறுகிய செம்புராங்கல் படிவிலிருந்து ஒரு குழந்தையின் மண்டை ஓட்டைக் கேரளப் பல்கலைக்கழகத் தொல்லியலாளர் பி. ராஜேந்திரன் கண்டெடுத்தார். 2003-இல் கரண்ட் சயின்ஸ் இதழில் அறிக்கை வந்தது. அதன் வயது 1,66,000 ஆண்டு என்ற கணக்கு செய்தியானது. அது நிலைத்தால் சாதாரண விஷயமல்ல. 1982-இல் நர்மதைக் கரையில் ஹத்னோராவில் கிடைத்த மண்டை ஓட்டுக்கு அடுத்தபடியாக இந்திய வரலாற்றில் பேசப்பட வேண்டியது. ஆனால் ஆய்வுலகம் அந்த வயதைப் பொதுவாக ஏற்றுக்கொள்ளவில்லை. எலும்பின் வயதும் அதைச் சுற்றிய கல்லின் வயதும் ஒன்றுதானா என்பதே அடிப்படைக் கேள்வி. செம்புராங்கல் ஒரே நாளில் இறுகுவதல்ல. மழைநீர் உள்ளே போகிறது, இரும்பு கரைகிறது, வேறிடத்தில் படிகிறது. அந்த நீரோடு யுரேனியமும் உள்ளே வரும், வெளியே போகும். சிர்க்கான் கதவைச் சாத்திக்கொண்ட கடிகாரம் என்றால், இது கதவே இல்லாதது. பழைய மண்ணுக்குள் பிற்காலத்தில் புதைத்த எலும்பும் இரும்பு பூசிப் பழசு போலத் தோன்ற முடியும்.

இதற்கு மாறாக எப்படிச் செய்யலாம் என்பதற்கு எடுத்துக்காட்டும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் கற்கருவி அடுக்குகளை ஆண்டுக்கணக்கில் தோண்டினார்கள். கல் துகளில் விண்கதிர் உண்டாக்கும் அலுமினியம்-26, பெரிலியம்-10 இரண்டின் விகிதம், மண்ணில் பதிந்த பூமியின் பழைய காந்தத் திசை என்று இரு தனித்தனி வழிகளில் சென்று, அடி அடுக்குக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் வெளியிட்டார்கள். மேல் அடுக்குகளுக்கு, மணல் துகள் கடைசியாக வெயில் பார்த்த காலத்தைக் காட்டும் ஒளிர்வு முறையைக் கையாண்டு, 3,85,000 ஆண்டு என்று 2018-இல் சொன்னார்கள். இந்த முறைக்கான மாதிரியை இருட்டிலேயே எடுக்க வேண்டும். மண்சுவரில் இரும்புக் குழாயை அடித்து இறக்கி, இரு முனையையும் அடைத்து, மங்கிய சிவப்பு விளக்கு மட்டும் எரியும் அறையில் திறப்பார்கள். ஒவ்வொரு எண்ணோடும் எந்த அடுக்கு, எந்த முறை, எவ்வளவு முன்பின் என்பது சேர்ந்தே வந்தது. எதிர்க்கேள்வி கேட்பவருக்குப் பிடித்துக்கொள்ள அதில் இடம் இருக்கிறது.

திருவக்கரைக்கும் இதில் ஒரு பங்கு செய்ய முடியும். அந்த மணற்கல்லின் காந்தப் பதிவையும் மகரந்தத்தையும் சேர்த்துப் பார்த்தால், 2.3 கோடிக்கும் 26 லட்சத்துக்கும் இடையே உள்ள அந்தப் பெரிய இடைவெளி சுருங்கக்கூடும். அது ஆய்வாளர்களின் வேலை. அதுவரை, பூங்காவைப் பார்க்க வரும் பிள்ளைகளுக்குச் சொல்வதை மாற்றலாம். "2 கோடி ஆண்டு" என்பதோடு நிறுத்தாமல், "மயோ-பிளையோசீன் காலம், அடுக்கு வரிசையை வைத்துக் கணித்தது, கல்மரத்தை நேரடியாக அளக்கவில்லை" என்று தமிழில் மூன்று வரி சேர்த்து எழுதி வைக்க வேண்டும் என்று புவியியல் ஆய்வுத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். பூங்காவுக்குப் போகிற வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஒரு சில்லைக்கூட எடுத்து வராதீர்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்ற தகவல் போய்விட்டால், அந்தக் கல்லுக்கு வயது சொல்ல யாராலும் முடியாது.